இருபதுக்கு நாற்பது

ஜனவரி 6, திங்கள்

இந்த டைரியை நான் ஆரம்பிக்கக் காரணம் ஷிஃபானா. ஹாஸ்டலில் கத்தினால் வார்டன் வந்துவிடுவார். அதனால் இங்கே கத்துகிறேன்.

பிப்ரவரி முதல் தேதி கோயம்புத்தூரில் பாலிடெக்னிக் மாணவர்களுக்கான ரோபோ போட்டி. பாளையங்கோட்டையிலிருந்து போகும் எங்கள் அணியில் மூன்றே பேர். பெர்சிஸ் ஆகிய நான், மெக்கானிக்கல். இசக்கியம்மாள், புரோகிராம். என் ரூம்மேட் ஷிஃபானா, மற்ற எல்லா வேலையும். மணி அடித்த பத்து விநாடிக்குள் எங்கள் ரோபோ மூன்று பந்துகளை நான்கு மீட்டர் தள்ளியிருக்கும் கூடைக்குள் எறிய வேண்டும். எறிவது ஒரு சக்கரம். சுற்றுகிற சக்கரத்துக்கும் வளைந்த தகட்டுக்கும் நடுவில் பந்தை விட்டால், கவ்வி வீசிவிடும்.

மோட்டார் நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்று சுற்றும். அதை அப்படியே சக்கரத்தில் மாட்டினால் பந்து கூரையில் போய் முட்டும். மூன்று நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நான்கு மீட்டருக்குச் சக்கரம் மூவாயிரம் சுற்றினால் போதும். ஆகவே மோட்டாரில் இருபது பல் கியர், சக்கரத்தில் நாற்பது பல் கியர். வேகம் சரிபாதி ஆகிவிடும். மோட்டார் தன் முழு வேகத்தில் ஓடும், சக்கரம் நமக்கு வேண்டிய வேகத்தில் ஓடும், ஒரு சுற்றுகூட வீணாகாது. இதைவிடச் சுத்தமான கணக்கு இருக்க முடியுமா? போர்டில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டேன்.

ஷிஃபானா கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மீதின்னு ஒண்ணும் இல்லயேட்டி" என்றாள்.

"என்ன மீதி?"

"மோட்டாரு முக்கி முக்கி ஓடுனாத்தான் மூவாயிரம் வருது. பந்து பட்டா சக்கரத்துக்கு வேகம் கொறயும்லா. திரும்ப ஏறதுக்குத் தெம்பு எங்க இருக்கு? இருபத்திநாலுக்கு முப்பத்தாறு போட்டா நாலாயிரம் வரும். அதக் கொறச்சு மூவாயிரத்துல ஓட்டிக்கிடலாம்."

நாலாயிரம் ஓடக்கூடியதை மாட்டிவிட்டு மூவாயிரத்தில் ஓட்ட வேண்டுமாம். "ஒரு ஆளு சாப்பாட்டுக்கு அண்டாவையா அடுப்புல ஏத்துவாவ?" என்று கேட்டேன். இசக்கி சிரித்தாள். ஷிஃபானா சிரிக்கவில்லை. மூன்று நாள் நான் கண் வலிக்கக் கணக்குப் போட்டேன், இவள் மூன்று நிமிடம் பார்த்துவிட்டு மீதி இல்லை என்கிறாள்.

ஜனவரி 8, புதன்

டிராயிங் ஹாலில் முதல் சோதனை. கரும்பலகைக்கு மேலே கூடையைக் கட்டியிருக்கிறோம், அடி வெட்டிய பிளாஸ்டிக் கூடை. உள்ளே விழுகிற பந்து கீழே வந்து டிராயிங் மேசைகளுக்கு அடியில் உருண்டு போய்விடும். போட்டிக்கான பந்து எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. மீதி இரண்டும் பார்சலில் வருகிறதாம், டிசம்பரிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது.

வேலைப் பங்கீடு இப்படி. நான் மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பந்தைச் சக்கரத்துக்குள் விட்டு அளவு குறிப்பேன். இசக்கி லேப்டாப். ஷிஃபானா போய்ப் பந்தை எடுத்து வருவாள்.

முப்பது எறிந்தோம். இருபத்தேழில் ஒன்றைத் தவிர எல்லாம் கூடைக்குள். மற்ற மூன்றையும் கணக்கில் சேர்க்கவில்லை, ஷிஃபானா ஓடிப் போய் ஓடி வந்து பந்தைத் திணித்தாள், நானும் அவசரத்தில் விட்டுவிட்டேன், கூடைக்கு ஒரு சாண் முன்னாலேயே விழுந்துவிட்டது. சிவப்புப் பேனாவால் அடித்து, பக்கத்தில் 'ஷி. ஓடினாள்' என்று எழுதி வைத்தேன். ஒரு காரியத்தை நிதானமாகச் செய்யத் தெரியாதவளை வைத்துக்கொண்டு எப்படி அளவெடுப்பது?

"நடந்து போய் நடந்து வா" என்று சொன்னேன். சரி என்றாள்.

துவைக்கிற முறை இன்று எனக்கு. தண்ணீர் ஏழு மணிக்கே நின்றுவிட்டது.

ஜனவரி 10, வெள்ளி

நடந்து வா என்றால் நடக்க வேண்டியதுதானே. இன்று மறுபடியும் நான்கு தடவை ஓடினாள். ஓடியதுமல்லாமல் கையில் கட்டிய வாட்சை வேறு பார்க்கிறாள், ரயிலைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி. நான்கும் குறைவாக விழுந்தன. நான்கையும் அடித்தேன்.

"எட்டு விநாடிக்குள்ள குடுத்தா விழமாட்டேங்குட்டி. இருவது விநாடி ஆனா விழுது" என்றாள்.

"அப்ப இருவது விநாடி எடுத்துக்க."

"போட்டில யாரு எடுத்துக் குடுப்பா?"

எனக்கு உச்சி சூடாகிவிட்டது. போட்டியில் பந்து மூன்றும் மெஷினுக்குள்ளேயே வரிசையாக இருக்கும், ஒருத்தரும் எடுத்துக் கொடுக்க வேண்டாம், ஓட்டமும் இல்லை, நடையும் இல்லை. இதுகூடத் தெரியாமல் பேசுகிறாள். ரெண்டு ஸ்பாஞ்சை உருட்டி நூல் சுற்றினால் பந்தாகிவிடும், மூன்றாக விட்டுப் பார்க்கலாம் என்று அடுத்த யோசனை. துணி உருண்டையை எறிந்து பார்த்து அளவெடுக்க நான் என்ன கோட்டியா? ஒரு பந்து ஒழுங்காகப் போனால் மூன்றும் ஒழுங்காகத்தான் போகும். சக்கரத்துக்கு எண்ணத் தெரியாது.

அவள் நெற்றியில் ஒரு வீக்கம். கேட்டதற்கு இடித்துக்கொண்டேன் என்றாள். ஓடினால் இடிக்கத்தான் செய்யும்.

ஜனவரி 15, புதன்

பொங்கல் லீவு. நாசரேத்தில் வீட்டில் இருக்கிறேன். ரோபோ மாவாட்டுமா என்று அப்பா கேட்டார். பந்து எறியும் என்றேன். அதற்கு எதுக்கு ரோபோ என்றார்.

தங்கச்சியிடம் ஒரு செம்பு தண்ணீர் கேட்டேன். "ஒனக்குக் கால் இல்லியாக்கும்? வந்ததுலேருந்து எட்டுத் தடவ எடுத்துட்டு வந்திருக்கேன்" என்றாள். எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். எல்லோருக்கும் என் மேல் என்னதான் கோபமோ.

ஜனவரி 20, திங்கள்

மறுபடி சோதனை. நாற்பது எறிந்தோம். இன்று மூன்று தடவை நடந்தால் ஒரு தடவை ஓடுவது என்று ஏதோ வைத்துக்கொண்டு செய்தாள். வேண்டுமென்றே செய்கிறாள், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாலாவது ஓட்டத்தில் செருப்பு வார் அறுந்துவிட்டது. "நல்லா வேணும்" என்று வாய் வரை வந்ததை விழுங்கினேன். அதற்குப் பிறகு வெறுங்காலோடு நடந்தாள், ஓடவில்லை. அதனால் மீதி எறிதல்கள் எல்லாம் அருமையாக அமைந்தன.

மொத்தம் தொண்ணூற்றெட்டு எறிதல். அடித்தது பதினொன்று. நல்லது எண்பத்தேழு, அதில் எண்பத்தைந்து கூடைக்குள். இதைப் பார்த்து இசக்கியாவது ஒரு வார்த்தை பாராட்டலாம். "அடிச்ச பதினொண்ணையும் சேத்தா?" என்று கேட்டாள். ஷிஃபானா சொல்லிக் கொடுத்த கேள்வி, குரலிலேயே தெரிந்தது.

சாம்பாரில் இன்று பூசணிக்காய். தொடவில்லை.

ஜனவரி 22, புதன்

இன்றைக்கு எனக்கு நடந்ததை யாரிடம் சொல்ல.

மத்தியானம் ஸ்டாஃப் ரூம் வாசலில் ஷிஃபானா எங்கள் அணிக்குப் பொறுப்பான பிரமநாயகி மேடத்திடம் தனியாகப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் நகர்ந்துவிட்டாள். ஒரு மணி நேரம் கழித்து மேடம் ஒரு படிவத்தோடு ஹாலுக்கு வருகிறார். போட்டி நடத்துகிறவர்கள் அனுப்பியதாம்.

"பெர்சிஸ், மூணு பந்தையும் தொடர்ச்சியா போட்டு டெஸ்ட் பண்ணியாச்சாம்மா?"

கேள்வி எங்கிருந்து கிளம்பியது என்று எனக்கா தெரியாது? முதுகில் குத்துவது என்றால் இதுதான். இரண்டு வருஷம் ஒரே அறை, ஒரே பக்கெட், என் அம்மா கொடுத்து விடுகிற முறுக்கில் பாதி அவளுக்கு. மெஷினைப் பற்றிக் குறை இருந்தால் என்னிடம் சொல்வதற்கென்ன?

"பண்ணியாச்சு மேடம்" என்றேன்.

கையெழுத்துப் போடச் சொன்னார். 'மூன்று பந்துச் சோதனை முடிந்தது' என்ற வரிக்கு எதிரே போட்டேன். ஷிஃபானா பக்கத்தில்தான் நின்றாள். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இது பொய்யில்லை. ஒரு பந்தை எண்பத்தேழு தடவை எறிந்திருக்கிறேன். மூன்று எங்கே, எண்பத்தேழு எங்கே? பார்சல்காரன் பந்தைக் கொண்டுவராததற்கு நான் என்ன செய்ய முடியும்? கையெழுத்துப் போடாவிட்டால் மெஷினை உள்ளேயே விட மாட்டார்கள். இதை நான் மறுபடி மறுபடி எழுத வேண்டியதில்லை, இது பொய்யில்லை.

ஜனவரி 23, வியாழன்

ஷிஃபானாவோடு பேசவில்லை. பக்கெட்டைத் தனியாக வைத்துவிட்டேன்.

ஜனவரி 27, திங்கள்

அவளும் இசக்கியும் நான் போனால் பேச்சை நிறுத்துகிறார்கள். லேப்டாப்பை மூடுகிறார்கள். மூடட்டும்.

ஜனவரி 31, வெள்ளி

காலை ஐந்தரை பஸ். மதுரையில் இட்லி, கோயம்புத்தூர் வரை வெயில். ரோபோவை மடியில் வைத்து ஷிஃபானாதான் பிடித்துக்கொண்டு வந்தாள், எனக்கு வாந்தி வரும் என்று ஜன்னல் சீட்டை விட்டுக் கொடுத்துவிட்டு. கேட்காமல் செய்தாள். நன்றி சொல்லவில்லை. மேடத்திடம் போய்ச் சொன்னதற்கு இது பரிகாரம் என்றால் எனக்கு வேண்டாம்.

பிப்ரவரி 1, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒவ்வொரு அணிக்கும் இரண்டு சுற்று. இரண்டிலும் சேர்த்து அதிகப் பந்து போட்ட எட்டு அணிகள் அடுத்த கட்டத்துக்குப் போகும். எங்கள் முதல் சுற்று பதினோரு மணிக்கு. புத்தம் புதுப் பந்து மூன்றை அவர்களே தந்தார்கள். சக்கரம் முழு வேகம் எடுக்கும் வரை காத்திருந்தோம். மணி அடித்தது. முதல் பந்து கூடைக்கு நட்டநடுவில். என் கணக்கு, அதே கோடு, அதே வளைவு. மூன்று விநாடியில் இரண்டாவது. கூடைக்கு ஒரு சாணுக்கும் மேலே குறைவு. மூன்றாவது இன்னும் மோசம். ஒரு முழம் முன்னாலேயே தொப்பென்று விழுந்து உருண்டு நடுவரின் ஷூவில் போய் நின்றது.

எங்களுக்கு ஒதுக்கிய மேசைக்குத் திரும்பி நான் போட்ட சத்தத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது. பந்து கனம் கூட என்றேன். பேட்டரி இசக்கி சார்ஜ் போட்டது, அது சரியில்லை என்றேன். தரை சாய்வு என்றேன். பக்கத்து மேசை நாமக்கல் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

ஷிஃபானா தன் டிபன் பாக்ஸைத் திறந்தாள். சாப்பாடு இல்லை. கர்ச்சீப்பில் சுற்றிய இரண்டு கியர்.

"இருபத்திநாலு, முப்பத்தாறு" என்றாள். "ரெண்டையும் கூட்டுனா அறுவது. ஒன் இருபதும் நாப்பதும் கூட்டுனாலும் அறுவது. ரெண்டு கியருக்கும் நடுத்தூரம் மாறாது, அதே ஓட்டைலயே ஒக்காந்துக்கிடும்ட்டி, ஒண்ணும் மாத்த வேண்டாம். வேகத்த மூவாயிரத்துல புடிச்சு வைக்க இசக்கி புரோகிராம் எழுதிட்டா."

"இத எங்கேருந்து எடுத்த?"

"ஸ்டோர்ல இருந்துதான். மேடத்துக்கிட்ட சாவி கேட்டேம்லா, ஃபார்ம் வந்த அன்னைக்கு."

சாவி. ஸ்டாஃப் ரூம் வாசலில் அவள் கேட்டது சாவி. மேடம் கேட்ட கேள்வி படிவத்தில் அச்சடித்திருந்த கேள்வி.

எனக்கு அப்போதும் கோபம்தான் வந்தது. "பத்து நாளா கையில வச்சிருக்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன?"

"சொன்னேம்லா, பெர்சிஸ்" என்றாள். சத்தமே போடவில்லை. "நீ நடந்து வான்னு சொன்ன."

எனக்கு வந்த பதில் வீம்பு. "நான் நம்ப மாட்டேன். காட்டு" என்றேன்.

"நீயே ஓடிப் பாரு" என்றாள்.

அடுத்த சுற்றுக்கு நாற்பது நிமிடம் இருந்தது. பயிற்சிக்கு விட்ட இடத்தில் பழைய கியரோடு மெஷினை வைத்து ஷிஃபானா உட்கார்ந்தாள். முதல் பந்து உள்ளே. நான் ஓடிப் போய் எடுத்து ஓடி வந்தேன். கொடுத்ததும் விட்டாள். ஒரு சாண் குறைவு. மறுபடி ஓடினேன். இந்தத் தடவை இன்னும் குறைவு. மூன்றாவது தடவை பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சக்கரத்தின் சத்தத்தைக் கேட்டேன். இறங்கிய சத்தம் மெல்ல, முனகி முனகி, ஏறிக்கொண்டிருந்தது. ஒரு மாதம் அதன் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். முழுசாக ஏறுகிற நேரமெல்லாம் அவள் எனக்காக நடந்துகொண்டிருந்த நேரம்.

கியரைக் கழற்றினோம். நான் இறுக்கிய ஸ்க்ரூ எனக்கே அசையவில்லை. ஆலன் கீயை நான் ஒரு பக்கமும் இசக்கி ஒரு பக்கமும் பிடித்துத் திருகினோம். உள்ளங்கை கிழிந்துவிட்டது. புதியது மாட்டி, பயிற்சி இடத்தில் இரண்டே எறிதல், அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

மணி அடித்தது. ஒன்று உள்ளே. இரண்டு உள்ளே. மூன்று உள்ளே. எட்டு விநாடி.

மொத்தம் நான்கு. எட்டாவது இடத்தில் வந்த அணிக்கு ஐந்து. நாங்கள் ஒன்பதாவது.

பிப்ரவரி 2, ஞாயிறு

திரும்பும் பஸ். மூன்று பேர் சீட்டில் நான் நடுவில். ஷிஃபானா தூங்குகிறாள். அளவு நோட்டை எடுத்துப் பார்த்தேன். சிவப்புக் கோடு போட்டு அடித்த பதினொன்றும் அப்படியே இருக்கின்றன. 'ஷி. ஓடினாள்.' 'ஷி. ஓடினாள்.' 'ஷி. மறுபடியும்.' தொண்ணூற்றெட்டில் உண்மையான சோதனை அந்தப் பதினொன்றுதான், அதைத்தான் தேடித் தேடி அடித்திருக்கிறேன். ஒருத்தி செருப்பு அறுகிற மட்டும் ஓடிக் காட்டியிருக்கிறாள், நான் தலைக்கனத்தில் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. என்னை நாலு அறை அறைய வேண்டும் போலிருக்கிறது.

ஒரு பந்து. இரண்டு பேருடைய ஒரு மாத உழைப்பு என் ஒரு பந்தால் போய்விட்டது. இசக்கி இதுவரை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் ஸ்டாஃப் ரூமுக்குப் போய், அந்தப் படிவத்தில் நான் போட்ட கையெழுத்து பொய் என்று பிரமநாயகி மேடத்திடம் சொன்னேன். காரணம் எதுவும் சேர்க்கவில்லை. பார்சல்காரன் பெயரை எடுக்கவில்லை. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், நெடுநேரம் துடைத்தார்.

"எனக்குச் சொல்லிட்ட. அவங்களுக்கு யாரு சொல்றது?" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து போட்டிக்காரர்களுக்குக் கடிதம் எழுதினேன். அடுத்த வருஷம் எங்கள் பாலிடெக்னிக்கைச் சேர்ப்பார்களோ மாட்டார்களோ தெரியாது. என்னை அணியில் வைப்பதும் வைக்காததும் மற்ற இரண்டு பேரும் முடிவு செய்யட்டும் என்று மேடம் சொல்லிவிட்டார். இசக்கி, "கணக்கு இவ போடட்டும். கடைசி வார்த்த ஷிஃபானாவுக்கு" என்றாள். ஒத்துக்கொண்டேன். வலிக்கத்தான் செய்கிறது.

பக்கெட்டைப் பழைய இடத்தில் வைத்தாயிற்று.

மத்தியானம் பார்சல் வந்தது. இரண்டு பந்து, டிசம்பர் ஆர்டர். வாங்கி வைத்துக்கொண்டு அந்த ஆளை நான் பார்த்த பார்வையில் அவர் கையெழுத்து வாங்காமலே கிளம்பப் பார்த்தார்.

சாயங்காலம் டிராயிங் ஹால். ஸ்டூலில் ஷிஃபானாவை உட்காரச் சொன்னேன், நோட்டையும் பேனாவையும் கொடுத்தேன். நீலப் பேனா. மூன்று பந்தும் வரிசையாகப் போய்க் கூடையில் விழுந்து மேசைகளுக்கு அடியில் மூன்று திசையில் உருண்டன. எடுக்கப் போனேன்.

"மெதுவா நடந்து வாட்டி, அவசரம் இல்ல" என்றாள் அவள், குரலில் குறும்பு.

மூன்றாவது பந்து கடைசி மேசைக்கு அடியில், சுவரோரம். தவழ்ந்து போய் எடுத்து நிமிர்ந்தபோது மேசைக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த இரும்புப் பட்டை நங்கென்று நெற்றியில் இடித்தது. பொறி கலங்கிவிட்டது.

"இந்த மேச இடிக்கும்னு ஒரு மாசமா ஒருத்தியும் எங்கிட்டச் சொல்லலியே" என்று அங்கிருந்தே கத்தினேன்.

ஷிஃபானா விரலால் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். அந்தப் பழைய இடம் இன்னும் லேசாகக் கறுத்திருந்தது.

பந்துகளை அள்ளிக்கொண்டு ஓடினேன்.